பாராட்டு உண்மையிலேயே வேலை செய்கிறதா? பணம்சாரா ஊக்குவிப்பை ஆய்வு செய்யத் தொடங்குபவர்களுக்கு

எம்.பி.ஏ. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு "பணம்சாரா ஊக்குவிப்பும் (பணம் தராமல் பாராட்டு, பொறுப்பு போன்றவற்றால் ஊக்கப்படுத்துவதும்) ஊழியர் ஈடுபாடும்" என்ற மாதிரி தலைப்பு எடுப்பவர்கள் வருடாவருடம் நிறையப் பேர். நூறு, நூற்றைம்பது பேரிடம் ஒரு கேள்வித்தாள், கொஞ்சம் சதவீதப் பகுப்பாய்வு, ஒரு கை-ஸ்கொயர் (இரண்டு விவரங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை). கடைசியில் "பெரும்பாலான ஊழியர்களுக்குப் பாராட்டு ஊக்கமளிக்கிறது" என்று ஒரு முடிவு. பாராட்டினால் பிடிக்குமா என்று கேட்டால் யார்தான் பிடிக்காது என்பார்கள்? அதைச் சொல்ல ஆறு மாத உழைப்பு தேவையில்லை.

இந்தத் தலைப்பு இப்படி வீணாவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குக் கேடயம் கொடுத்தால், அவருக்கு என்ன ஆகிறது என்பது பாதிக் கதைதான். கேடயம் கிடைக்காமல் கைதட்டிக்கொண்டு நின்ற மற்ற முப்பது பேருக்கு என்ன ஆகிறது? அவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் கூடுதலாக முயல்கிறார்கள், எத்தனை பேர் "இங்கே எப்பவும் இப்படித்தான்" என்று விலகிக்கொள்கிறார்கள்? இதைக் கண்டுபிடிக்கும்படி உங்கள் ஆய்வை அமைப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

எந்தப் பாராட்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"பணம்சாரா ஊக்குவிப்பு" என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல விஷயங்கள் அடைந்து கிடக்கின்றன. குடியரசு தின விழாவில் மாவட்ட ஆட்சியர் கையால் வாங்கும் நற்சான்றிதழ், செப்டம்பர் 5 அன்று தரப்படும் நல்லாசிரியர் விருது, விபத்தில்லாமல் பேருந்து ஓட்டியவருக்குப் போக்குவரத்துக் கழகம் செய்யும் மரியாதை, நோட்டீஸ் போர்டில் ஒட்டும் "இந்த மாதச் சிறந்த ஊழியர்" போட்டோ, சூப்பர்வைசர் போகிற போக்கில் "இன்னைக்கு நல்லா பண்ணிட்டீங்க" என்று சொல்வது. இவை எல்லாம் பாராட்டு. விரும்பிய ஷிப்டைத் தேர்ந்தெடுக்க விடுவது, புதிய மெஷினில் பயிற்சி கொடுப்பது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைத் தருவது எல்லாம் வேறு வகை. எல்லாவற்றையும் ஒரே கேள்வித்தாளில் அடைத்தால் கடைசியில் எதைப் பற்றியும் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் எடுங்கள். எடுத்ததும் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: யார் கொடுக்கிறார், எதற்காக, யார் முன்னிலையில், எவ்வளவு அபூர்வமாக. முதலாளி தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதும், பொங்கல் விழா மேடையில் சால்வை போர்த்துவதும் ஒரே விளைவைத் தரும் என்று எடுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

இன்னொன்று. பாராட்டு பற்றிய ஆய்வைச் சில நிறுவனங்கள் சம்பளத்துக்கு மாற்று தேடும் வழியாகப் பார்க்கும். அதற்கு நீங்கள் துணை போகக் கூடாது. உளவியலாளர் பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, பிட்ஸ்பர்க் பகுதியின் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் எடுத்தது. சாதனை, அங்கீகாரம், வேலையின் தன்மை, பொறுப்பு போன்றவை திருப்தி தருகின்றன என்றும், சம்பளம், நிறுவனக் கொள்கை, மேற்பார்வை போன்றவை சரியில்லாவிட்டால் அதிருப்தி வருகிறது என்றும் அவர் பிரித்தார். அவரை மேற்கோள் காட்டிச் சம்பளம் முக்கியமில்லை என்பவர்கள் இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். சம்பளம் தாமதமாகும் இடத்தில் பாராட்டை அளக்கப் போகாதீர்கள். அங்கே நீங்கள் அளப்பது கோபத்தைத்தான்.

படிக்க வேண்டியவை

மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணத்தை இரண்டு பக்கம் வரைந்து இலக்கிய ஆய்வை முடித்துவிடும் பழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. கடந்த இருபது வருடங்களில் இந்தத் துறையில் நேரடிக் களப் பரிசோதனைகள் நிறைய நடந்திருக்கின்றன. அவற்றைப் படித்தால் உங்கள் கேள்வியே மாறிவிடும்.

ஆனால் தொடக்கம் அதற்கும் முன்னால், 1971. உளவியலாளர் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களுக்கு சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். புதிரைத் தீர்த்ததற்குப் பணம் வாங்கியவர்கள், பணம் நின்றதும் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவது குறைந்தது. வாயால் பாராட்டப்பட்டவர்களிடம் அப்படி நடக்கவில்லை, ஆர்வம் கூடியது. இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது அளந்த முறையைத்தான். "உனக்கு ஆர்வமாக இருக்கிறதா" என்று டெசி கேட்கவில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் எவ்வளவு நேரம் புதிரோடு உட்கார்ந்தார்கள் என்று பார்த்தார்.

ஜாம்பியா தலைநகர் லுசாகாவில் நவா அஷ்ரப், ஒரியானா பண்டியேரா, கெல்சி ஜாக் ஆகியோர் நடத்திய பரிசோதனை 2014-இல் வெளியானது. முடிதிருத்துபவர்களும் சிகையலங்காரக் கலைஞர்களும் தங்கள் கடைகளில் பெண்ணுறை (பெண்களுக்கான காண்டம்) விற்க வேண்டும். சிலருக்கு அதிக கமிஷன், சிலருக்குக் குறைந்த கமிஷன், சிலருக்கு எதுவும் இல்லை. இன்னொரு குழுவுக்குக் கடையில் மாட்ட ஓர் அட்டை, ஒவ்வொரு விற்பனைக்கும் அதில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரக் குழு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விற்றது. அந்த அட்டை கடைக்கு வருகிற எல்லோர் கண்ணிலும் படும் என்பதை மறக்காதீர்கள்.

சரி, நட்சத்திரம் கொடுத்தால் போதுமா என்றால், அதே ஜாம்பியாவில், அதே ஆய்வாளர்களில் இருவர் ஸ்காட் லீயுடன் சேர்ந்து சுகாதாரப் பணியாளர் பயிற்சியில் செய்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. மற்றவர்களோடு ஒப்பிட்டு நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிவிப்பது தேர்ச்சியைக் குறைத்தது, அதுவும் பின்தங்கியவர்களிடம் அதிகமாக. முதலாளியின் அங்கீகாரமும் ஊரறியப் பெயர் வெளிவருவதும் தேர்ச்சியைக் கூட்டின. நம் ஊரில் "பாராட்டு" என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி தரவரிசைப் பட்டியல் ஒட்டுவதுதான். இதைப் படித்த பிறகு அந்தப் பட்டியலை நீங்கள் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

கிறிஸ்டியானே பிராட்லரும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. முன்னூறுக்கும் மேற்பட்டவர்களை மூன்று மணி நேர டேட்டா என்ட்ரி வேலைக்கு எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, சில குழுக்களில் முன்னறிவிப்பில்லாமல் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார்கள். வேலை கூடியது, சிறப்பாகச் செய்தவர்களை மட்டும் பாராட்டிய குழுக்களில் இன்னும் அதிகமாக. அந்தக் கூடுதலுக்குப் பெரும்பாலும் காரணமானவர்கள் பாராட்டு வாங்காதவர்கள். விருது வாங்கியவரை மட்டும் பேட்டி எடுத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

எதிர்த் திசையிலும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் தொழிற்சாலை அளவிலான சலவை நிறுவனம் ஒன்றின் ஆலையில், ஒழுங்காக வருகிறவர்களுக்கென ஒரு விருதுத் திட்டம் தொடங்கினார்கள். திமோதி குப்லர், இயன் லார்கின், லாமார் பியர்ஸ் அந்தப் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். எப்போதுமே நேரத்துக்கு வந்துகொண்டிருந்த நல்ல ஊழியர்களின் வேலை வேகம் குறைந்தது. சிலர் விருதுக்கான விதியைச் சாமர்த்தியமாகச் சுற்றிக்கொண்டார்கள். மொத்தத்தில் ஆலையின் உற்பத்தித்திறன் 1.4 சதவீதம் சரிந்தது. தானாக ஒழுங்காக இருந்தவரிடம் "ஒழுங்காக இருந்தால் விருது" என்று சொன்னதில் இருக்கும் அவமதிப்பை எந்த மேலாளரும் யோசித்திருக்க மாட்டார்.

இன்னும் ஒன்று: யானா காலஸ் ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதிய பங்களிப்பாளர்களுக்கு வெறும் அடையாள விருது கொடுத்துப் பார்த்தார். தொடர்ந்து எழுதுபவர்கள் 20 சதவீதம் கூடினார்கள். காசு, பதவி உயர்வு எதுவும் இல்லாத இடம் அது.

கட்டுரைகளைத் தேட கூகுள் ஸ்காலர் போதும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பி.ஹெச்டி. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா தளம் இருக்கிறது, இலவசம். அங்கே உங்கள் தலைப்பிலேயே பத்து ஆய்வேடுகள் கிடைக்கலாம். பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பாராட்டு கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா? பெரும்பாலும் உங்களுக்கான இடம் அங்கேதான் காலியாக இருக்கும்.

கேள்வியைச் சுருக்குங்கள்

"பணம்சாரா ஊக்குவிப்பு ஊழியர்களைப் பாதிக்கிறதா" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில், வாராவாரம் சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் இரண்டு பேரைப் பெயர் சொல்லிப் பாராட்டினால், பாராட்டப்படாத மற்றவர்களின் வருகையும், குறையைக் கவனிக்காமல் தவறவிட்ட பீஸ்களின் எண்ணிக்கையும் மாறுகின்றனவா?" இடம், பாராட்டு, கொடுப்பவர், யாரை அளக்கிறோம், எதை அளக்கிறோம் எல்லாம் இதில் இருக்கிறது. உங்கள் கைடுக்கு இது ரொம்பச் சின்னதாகத் தோன்றலாம். சின்னதாக இருப்பதால்தான் பதில் கிடைக்கும் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

பதிவேட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

கேள்வித்தாள் தயாரிக்கும் முன்பு இதைச் செய்யுங்கள். எந்த நிறுவனத்திலும் ஊழியர்களின் நடத்தை ஏதோ ஒரு நோட்டில் தினமும் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. வருகைப் பதிவு, திருத்தத்துக்குத் திரும்பி வந்த பீஸ்கள், பேருந்து என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், மருத்துவமனை என்றால் நோயாளிப் புகார்கள், கால் சென்டர் என்றால் எடுத்த அழைப்புகள். இவற்றில் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தால் உங்கள் ஆய்வின் தரம் ஒரேயடியாக உயர்ந்துவிடும்.

காரணம் எளிது. "எனக்குப் போதுமான பாராட்டு கிடைக்கிறது", "நான் வேலையில் ஆர்வமாக இருக்கிறேன்" என்ற இரண்டையும் ஒரே ஆள், ஒரே தாளில், ஒரே மனநிலையில் டிக் செய்தால் இரண்டுக்கும் தொடர்பு வந்தே தீரும். அன்று காலை சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியிருந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும். ஒன்றைக் கேள்வித்தாளிலிருந்தும் மற்றதைப் பதிவேட்டிலிருந்தும் எடுத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு போய்விடும்.

ஹெச்.ஆர். பிரிவிடம் கேட்கும்போது பெயர்கள் வேண்டாம், எண்கள் மட்டும் போதும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். பெரும்பாலும் தயங்குவது பெயர் வெளியே போகுமே என்றுதான்.

பேசுங்கள், கேள்வித்தாளுக்கு முன்னால்

பத்துப் பதினைந்து பேரிடம் நிதானமாகப் பேசுங்கள். ஹெர்ஸ்பெர்க் கேட்ட விதம் இன்றைக்கும் பயன்படும்: வேலையில் மிக நன்றாக உணர்ந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், மிக மோசமாக உணர்ந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். "பாராட்டு" என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள், அது தானாக வருகிறதா என்று பாருங்கள். நல்லது நடந்தால் தன்னால், கெட்டது நடந்தால் அடுத்தவரால் என்று சொல்வது மனித இயல்பு. ஹெர்ஸ்பெர்க்கின் முறைமீது வந்த முக்கிய விமர்சனமும் இதுதான். அதனால் சம்பவத்தோடு நிறுத்தாமல், "அப்புறம் அடுத்த வாரம் என்ன செஞ்சீங்க?" என்றும் கேளுங்கள்.

விருது வாங்கியவர்களுக்குச் சமமாக வாங்காதவர்களையும் எடுங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கும்போது பேசாதீர்கள். மேலாளர் அறையில் உட்கார வைத்துப் பேட்டி எடுப்பதைவிட எடுக்காமலே இருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில், டீக்கடையில், முடிந்தால் வேலை முடிந்த பிறகு. திருப்பூர், கோவைப் பக்கம் ஒடிசா, பீகார், வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம். தமிழ் தெரிந்தவர்களை மட்டும் கேட்டுவிட்டு "தொழிலாளர்கள் கருத்து" என்று எழுதுவது நியாயமில்லை.

கேள்வித்தாள்

நீங்களே கேள்விகளை இட்டுக்கட்ட வேண்டாம். வேலை ஊக்கத்தை அளக்க மேரிலின் காக்னேவும் குழுவினரும் 2015-இல் வெளியிட்ட 19 கேள்வி கொண்ட அளவுகோல் இருக்கிறது, ஏழு மொழிகளில் சோதித்தது. வேலை ஈடுபாட்டுக்கு உட்ரெக்ட் அளவுகோலின் ஒன்பது கேள்விச் சுருக்க வடிவம் வசதி.

முதல் அளவுகோலைச் சோதித்த ஏழில் தமிழ் இல்லை. அதனால் ஒருவர் தமிழாக்க, அதைப் பார்க்காத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துங்கள். பிறகு தொழிலாளர்கள் சிலரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். இந்தப் படியைத் தவிர்த்தால் பின்னால் வரும் எந்தப் புள்ளியியலாலும் காப்பாற்ற முடியாது. கிரான்பாக் ஆல்பா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) 0.7-க்கு மேல் வந்துவிட்டது என்பதால் மட்டும் கேள்வி புரிந்தது என்று ஆகிவிடாது.

ஒப்பீட்டை அமையுங்கள்

உழைப்பில் பாதியை இங்கே போடுங்கள். மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, காலம். தீபாவளி போனஸ் வாங்கிய பிறகு வருகை குறையும், ஊருக்குப் போனவர்கள் திரும்பத் தாமதமாகும், சிலர் வேறு கம்பெனிக்கே மாறிவிடுவார்கள். அக்டோபரில் பாராட்டுத் திட்டம் தொடங்கி, நவம்பரில் வருகை குறைந்ததைப் பார்த்து "பாராட்டு தோல்வி" என்று எழுதினால் அது தீபாவளியின் விளைவு. அதே காலத்தில் பாராட்டுத் திட்டம் இல்லாத இன்னொரு பிரிவில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

இரண்டாவது, உச்சத்தில் இருந்தவர் இறங்குவது. ஒரு மாதம் மிகச் சிறப்பாகச் செய்தவருக்கு அந்த மாதம் உழைப்போடு அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். மெஷின் பழுதாகவில்லை, நல்ல துணி வந்தது, குழந்தைக்குக் காய்ச்சல் வரவில்லை. அடுத்த மாதம் அவர் தன் வழக்கமான அளவுக்குத் திரும்புவார். விருது அவரைச் சோம்பேறியாக்கிவிட்டது என்று அர்த்தமில்லை. விருதை மயிரிழையில் தவறவிட்டவரோடு அவரை ஒப்பிடுங்கள். அவரும் அதே அளவு இறங்கியிருந்தால் விருதுக்கு அதில் பங்கில்லை.

மூன்றாவது, நீங்கள். சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளிலிருந்துதான், கவனிக்கப்படுவதாலேயே தொழிலாளர்கள் கூடுதலாக உழைப்பார்கள் என்ற கருத்து பரவியது. அங்கே வெளிச்சத்தை மாற்றிச் செய்த சோதனையின் பழைய தரவைப் பொருளாதார ஆய்வாளர்கள் லெவிட், லிஸ்ட் இருவரும் 2011-இல் மறுபடி ஆராய்ந்தபோது, பாடப்புத்தகங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிய விளைவு அதில் தெரியவில்லை. ஆனாலும் எச்சரிக்கை நல்லது. நீங்கள் போவதற்கு முந்தைய மூன்று மாதப் பதிவேட்டையும் வாங்கிவிடுங்கள்.

நிறுவனம் சம்மதித்தால் சிறு பரிசோதனையே செய்யலாம். எட்டு லைன்கள் (உற்பத்தி வரிசைகள்) இருந்தால் குலுக்கல் போட்டு நான்கில் இந்த மாதமும் மீதி நான்கில் இரண்டு மாதம் கழித்தும் தொடங்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்பதால் நிர்வாகத்துக்கும் மனத்தாங்கல் இல்லை. ஒரே லைனுக்குள் பாதிப் பேர் என்று பிரிக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் லைன் வாரியாகப் பிரித்தால் பகுப்பாய்வும் லைனைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே சூப்பர்வைசரின் கீழ் இருக்கும் முப்பது பேர் முப்பது தனித்தனிச் சாட்சிகள் ஆக மாட்டார்கள்.

எத்தனை பேர் வேண்டும்? நூறு என்பது மரபு, காரணம் கிடையாது. இரண்டு குழுக்களுக்கு இடையே நடுத்தர அளவு வித்தியாசத்தை, அதாவது அரை திட்டவிலக்கத்தை (திட்டவிலக்கம் என்பது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு), 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். சிறிய வித்தியாசம், 0.2 திட்டவிலக்கம் என்றால், குழுவுக்கு 394 பேர். இது ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிரித்தால். லைன் வாரியாகப் பிரித்தால் இன்னும் கூட வேண்டும். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் நீங்களே கணக்கிடலாம். அவ்வளவு பேர் கிடைக்கவில்லையா, எண்ணிக்கை ஆய்வை விட்டுவிட்டு ஆழமான நேர்காணல் ஆய்வாக மாற்றிக்கொள்ளுங்கள். அதுவும் மதிப்புள்ள ஆய்வுதான். பகுப்பாய்வுக்கு எஸ்.பி.எஸ்.எஸ். (புள்ளியியல் மென்பொருள்) இல்லை என்று கவலை வேண்டாம், ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவசம்.

ஒப்புதல்

மேலாளர் அனுமதித்தார் என்பது தொழிலாளி சம்மதித்தார் என்று ஆகாது. என்ன கேட்கப் போகிறீர்கள், யார் பார்ப்பார்கள், நடுவில் நிறுத்திக்கொள்ளலாம் என்பதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். தனிநபர் பதில்கள் எந்தக் காரணத்துக்காகவும் ஹெச்.ஆர். கைக்குப் போகக் கூடாது. ஐந்து பேருக்குக் குறைவான பிரிவைத் தனி அட்டவணையாகப் போட்டால் யார் சொன்னது என்று சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் பெரிய பிரிவோடு சேர்த்துவிடுங்கள். தரவரிசை சம்பந்தப்பட்ட பரிசோதனை என்றால் கடைசி இடத்தில் இருப்பவரின் பெயர் ஒருபோதும் வெளியே வராதபடி அமையுங்கள்.

எழுதும்போது

வித்தியாசம் எதுவும் வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுதுங்கள். கைடு முகம் சுளிக்கலாம். ஆனால் "இந்தப் பிரிவில், இந்த வகைப் பாராட்டு, இந்த மூன்று மாதத்தில் வருகையை மாற்றவில்லை" என்பது உண்மையான கண்டுபிடிப்பு. பி மதிப்பு (உண்மையில் வித்தியாசம் இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வரும்வரை வயது வாரியாக, பாலின வாரியாக, அனுபவ வாரியாக வெட்டிக்கொண்டே போகாதீர்கள். எந்த ஒப்பீடுகளைச் செய்வேன் என்று தரவு கைக்கு வருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாராவது சந்தேகப்பட்டால் அந்தத் தாளை எடுத்துக் காட்டலாம்.

முடிவுகளைப் பாராட்டு வாங்கியவர்கள், வாங்காதவர்கள் என்று இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து அட்டவணை போடுங்கள். நிறுவனத்துக்கு ஒரு பக்கச் சுருக்கம் தமிழில் கொடுங்கள். அதே பக்கத்தைத் தொழிலாளர்களுக்கும் வாசித்துக் காட்ட அனுமதி கேளுங்கள், அதுவும் ஆரம்பத்தில் கொடுக்கும் அனுமதிக் கடிதத்திலேயே. வேலை முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.